பந்து யாரிடம் போகும் என்பது நமக்கே தெரிந்துவிடுகிறதே!

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் போட்டிகளைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் இரண்டு வரி எழுதப்போக, அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கோப்பை நிரப்பிவிட்டன. பெரும்பாலானவை, எளிதில் கணித்துவிடக்கூடிய ஆட்டம் என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால், இம்முறை சினிமாவும் அரசியலும் ஓய்வெடுக்கட்டும்.

கேள்வி: விடியற்காலையில் எழுந்து என்பிஏ ஆட்டங்களைப் பார்ப்பவன் நான். மூன்று கால்பகுதிகள் அழகாக ஆடிய அணிகூடக் கடைசிக் கால்பகுதி வந்ததும் ஒரே ஆளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரிகிறது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களுக்கு இது தெரியாதா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே அப்படி ஆடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பந்து கைமாறும் ஒவ்வொரு தடவையும் அது பறிபோகும் வாய்ப்பும் கூடவே வருகிறது. நெருக்கடியான நேரத்தில் அந்த ஆபத்தைக் குறைக்க நினைக்கும் பயிற்சியாளர், அணியிலேயே கை நடுங்காத ஒருவரிடம் பந்தை ஒப்படைத்துவிடுகிறார். அவர் எறிந்து தவறினால் ‘நல்ல வாய்ப்பு, விழவில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஏழாவது எட்டாவது ஆட்டக்காரர் பாஸை நழுவவிட்டுத் தோற்றால் மறுநாள் பத்திரிகையாளர் முன்னால் பதில் சொல்லி மாளாது. ஆக, இந்தத் தேர்வில் கூடைப்பந்து அறிவு பாதி என்றால், பழிக்கு அஞ்சும் மனித சுபாவம் மீதிப் பாதி.

அப்படி ஒப்படைத்த பிறகு நடப்பதை விநாடிக் கணக்கில் பாருங்கள். எறிவதற்குள் எஞ்சியிருக்கும் நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கில் 24 விநாடி இருக்கிறது. நடுக்கோட்டைத் தாண்ட 8 விநாடி அவகாசம் உண்டு என்பதால், முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கரைப்பதற்காகப் பந்தை நடத்தியே கொண்டுவருகிறது. கடிகாரம் 17 காட்டும்போது நட்சத்திர வீரர் வளையத்துக்கு நேர் எதிரே நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். உயரமான சக வீரர் ஒருவர் வந்து, தடுப்பவரின் வழியை மறித்து அசையாமல் நின்று ‘ஸ்கிரீன்’ வைக்கிறார். தடுப்பவர்கள் இருவரும் பதறாமல் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது 12. தனக்கு எதிரே மெதுவான தடுப்பாளர் சிக்கியிருக்கிறார் என்ற திருப்தியில் நட்சத்திரம் இரண்டடி பின்வாங்கி அவரை அளவெடுக்கிறார். 8. மூலைகளில் நிற்கும் இருவரில் ஒருவர் கையை இடுப்பில் வைத்துவிட்டார். 5. இனிப் பாஸ் கொடுத்தாலும் வாங்குபவருக்கு யோசிக்க நேரம் இல்லை. ஆகவே எறிவதைத் தவிர வேறு வழி கிடையாது, அது தடுப்பவருக்கும் தெரியும், உங்கள் விடுதி அறைக்கும் தெரியும். மற்ற வழிகளை எல்லாம் எதிரணியா அடைத்தது? கடிகாரத்தை ஓடவிட்டுத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள்.

இதற்கு என் நினைவில் முதலில் வருவது 2016ஆம் ஆண்டு மேற்குப் பிரிவு இறுதித் தொடர். கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக் என்ற இரு பெரும் ஆட்டக்காரர்களை வைத்திருந்த ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி, அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை, ஏழு ஆட்டங்கள் வரை நீளும் அந்தத் தொடரில் 3–1 என்று மூச்சுத்திணற வைத்திருந்தது. ஆறாவது ஆட்டம் தண்டரின் சொந்த ஊரில், மே 28 அன்று நடந்தது. மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது 83–75 என்று தண்டர் முன்னிலை. கடைசி 12 நிமிடங்களில் அந்த அணி எடுத்தது 18 புள்ளிகள். வாரியர்ஸ் எடுத்தது 33. அந்த அணியின் கிளே தாம்ப்ஸன் அன்று, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்கள் 11ஐப் போட்டு 41 புள்ளி எடுத்தார் என்பதால் பேச்செல்லாம் அவரைப் பற்றியே இருந்தது, அது நியாயமும்கூட. ஆனால் மறுபக்கத்தில், இருவரில் ஒருவர் பந்தைப் பிடித்துக்கொள்ள மற்ற நால்வரும் நின்றுவிட்ட காட்சி திரும்பத் திரும்ப அரங்கேறியதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. ஏழாவது ஆட்டத்திலும் தோற்றுத் தொடரையே பறிகொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே டுரான்ட் வாரியர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் பள்ளி மாணவர்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவன் நான். ‘பத்து உத்தி அரைகுறையாகத் தெரிவதைவிட ஒன்றை உருப்படியாகச் செய்’ என்றுதான் சொல்லி வளர்த்தேன். ஒரே உத்தியைத் திரும்ப ஆடுவது குற்றம் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்களே, நான் சொல்லிக்கொடுத்தது தவறா?
– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: தவறே இல்லை, ஐயா. திரும்ப ஆடுவதையும் எளிதில் கணிக்கப்படுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பேச்சு வருகிறது. தங்கள் பக்கம் சாட்சி சொல்ல யூட்டா ஜாஸ் அணியே போதும். ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் 1985 முதல் 2003 வரை 18 பருவங்கள் சேர்ந்து ஆடினார்கள்; அவ்வளவு காலமும் அவர்களுடைய பிழைப்பு ஒரே உத்தியில்தான் ஓடியது. பிக் அண்ட் ரோல். இதை அறியாத எதிரணி லீக்கில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியும் தங்கள் ஆட்ட வாழ்க்கை முழுவதிலுமாக ஸ்டாக்டன் 15,806 அசிஸ்டுகளும் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்கள்) மலோன் 36,928 புள்ளிகளும் சேர்த்தார்கள்.

எப்படி என்று கேட்டால், அந்த ஒரு ஆட்டத்துக்குள் குறைந்தது நான்கு ஆட்டங்கள் ஒளிந்திருந்தன. மலோன் வந்து ஸ்டாக்டனைத் தடுப்பவரின் தோளருகே மலைபோல நிற்பார். ஸ்டாக்டன் அவரை உரசினாற்போலக் கடந்து போவார். மலோனின் தடுப்பாளர் ஸ்டாக்டனை மறிக்க ஓரடி எடுத்து வைத்தால், தரையில் ஒருமுறை தட்டி எழும் பாஸ் வளையத்தை நோக்கி ஓடும் மலோனின் கையில் இருக்கும். அவர் மலோனுடனேயே பின்வாங்கினால் ஸ்டாக்டன் தானே போய்ப் பந்தைக் கூடையில் போடுவார். இருவரும் ஸ்டாக்டன் மேலேயே பாய்ந்தால், மலோன் ஓடாமல் அங்கேயே சற்று விலகி நின்று பந்தை வாங்கி எறிவார். மூன்றாமவர் உதவிக்கு வந்தாலோ, அவர் விட்டுவந்த இடத்தில் இன்னொரு ஜாஸ் வீரர் ஜெஃப் ஹார்னசெக் கையைத் தயாராக வைத்துக் காத்திருப்பார். என்ன ஆட்டம் வரப்போகிறது என்பது எதிரணிக்குத் தெரிந்தது. அது எதில் முடியும் என்பது ஸ்டாக்டனுக்கே கடைசி அரை விநாடியில்தான் தெரிந்தது.

என் அளவுகோல் இதுதான்: தடுப்பவர் எந்தப் பக்கம் அடி வைத்தாலும் அது தப்பாகப் போகிற மாதிரி ஓர் ஆட்டம் அமைந்திருந்தால், அதை நூறு முறை ஆடலாம். ஒரு பக்கம் அடி வைத்தாலே போதும், எல்லாம் அடைபட்டுவிடும் என்றால், அதை முதல் முறை ஆடும்போதே அது பழைய ஆட்டம்தான்.

இதே ஸ்டாக்டன் தடுப்பவராக மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் 86–86 என்று சமநிலையில் இருந்தது. கடைசி வாய்ப்பு சிகாகோ புல்ஸுக்கு. பந்து மைக்கேல் ஜோர்டனிடம் போகும் என்பது அரங்கில் பாப்கார்ன் விற்றவருக்கும் தெரிந்திருக்கும். அவரிடம்தான் போனது. ஸ்டாக்டன் தன் ஆளை விட்டுவிட்டு ஜோர்டனை மறிக்க ஓடிவந்தார். அவர் விட்டுவந்த ஸ்டீவ் கெர் தனியாக நின்றார்; ஜோர்டன் பந்தை அவரிடம் கொடுக்க, கெர் எறிந்து புல்ஸுக்குக் கோப்பையையே வாங்கித் தந்தார். எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்தின் கடைசி வரி மட்டும் மாறியது.

கேள்வி: எல்லாம் இந்த மூன்று புள்ளி எறிதல் மோகத்தால் வந்த வினை என்கிறேன் நான். சரிதானே?
– வாசகர், மதுரை

பதில்: பாதி சரி. கணக்கு மோகக்காரர்கள் பக்கம்தான் இருக்கிறது: 100 மூன்று புள்ளி எறிதல்களில் 36 விழுந்தால் 108 புள்ளி, கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று 100 முறை எறிந்து 45 விழுந்தாலும் 90தான். இந்தக் கணக்கை எவரையும்விடத் தீவிரமாக நம்பியது மைக் டி’ஆன்டோனி பயிற்சியளித்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ். 2017–18 பருவத்தில், தன் எறிதல்களில் பாதிக்கு மேல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தே எறிந்த முதல் என்பிஏ அணி அது. 65 ஆட்டங்களை வென்றது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு வாரியர்ஸுக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம் வந்தது. இடைவேளையில் 54–43 என்று முன்னிலையில் இருந்த ராக்கெட்ஸ், தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிதல்களைத் தவறவிட்டது. அன்று மொத்தம் எறிந்தது 44, விழுந்தது 7. இறுதியில் 101–92 என்று தோற்றது. ‘ஒரே மாதிரி ஆடினால் இப்படித்தான்’ என்று அன்று பலர் தீர்ப்பு எழுதினார்கள். நான் அவ்வளவு சுலபமாக எழுத மாட்டேன். அந்த 27இல் ஆளே இல்லாமல் எறிந்தவையும் இருந்தன, அவற்றைத் துரதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையான கோளாறு வேறிடத்தில் இருந்தது. அந்த அணியில் தானாக வழி உண்டாக்கத் தெரிந்தவர்கள் இருவர்: ஜேம்ஸ் ஹார்டன், கிறிஸ் பால். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பாலுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அவர் சூட் அணிந்து உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீன் வரும்போதெல்லாம் ஆளை மாற்றிக்கொண்ட வாரியர்ஸிடம் ராக்கெட்ஸுக்கு எஞ்சியது, ஹார்டன் ஒருவரே ஒருவரை எதிர்த்து ஆடுவது மட்டும்தான். அவர் களைத்த பிறகு, வேறு வகையில் இரண்டு புள்ளி எடுக்கலாம் என்ற பழக்கமே அணியில் யாருக்கும் மிச்சமில்லை.

2025 மே மாதம் நடப்புச் சாம்பியனாக இருந்த பாஸ்டன் செல்டிக்ஸுக்கும் இது நேர்ந்தது. நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் 60 மூன்று புள்ளி எறிதல்களில் 45ஐத் தவறவிட்டு, 20 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டது. இரண்டாவது ஆட்டத்திலும் அதே 20 புள்ளி முன்னிலை, அதே தோல்வி, இம்முறை ஒரே புள்ளியில். வெளியிலிருந்து எறிவதில் குற்றமில்லை. யாரும் உள்ளே பாயாமலும், தடுப்பாளர்களை ஓரடிகூட நகர வைக்காமலும் கிடைத்த முதல் எறிதலையே எடுத்துக்கொள்ளும்போது, மூன்று புள்ளி என்பது தாக்குதலாக இல்லாமல் ஓய்வாகிவிடுகிறது.

கேள்வி: 82 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான பருவத்தில் செல்லுபடியாகும் உத்தி, கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்று வந்ததும் ஏன் அம்பலமாகிறது?
– வாசகி, சேலம்

பதில்: பருவத்தில் இன்றைக்கு ஓர் ஊர், நாளை மறுநாள் வேறோர் ஊர், எதிரணியைப் படிக்க நேரமே இருக்காது. பிளே ஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டும், இடையில் உட்கார்ந்து காணொளியை அலசலாம். நான்காவது ஆட்டத்துக்குள், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு விரலைத் தூக்கியதுமே வரப்போகும் உத்தியின் பெயரை எதிரணி பெஞ்சிலிருந்து உரக்கச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: ஜோர்டன் காலத்தில் ஒரே ஆள் தனியாக ஆடியது செல்லுபடியானதே, இப்போது மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: விதி மாறிவிட்டது. 2001 வரை ‘சட்டவிரோதத் தடுப்பு’ என்று ஒரு விதி இருந்தது. தன் ஆளை விட்டுவிட்டு வெற்றிடத்தில் காவல் நிற்பதை அது தடை செய்தது. ஆகவே நால்வரை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டால் அவர்களைத் தடுப்பவர்களும் கூடவே போய்த்தான் ஆக வேண்டும். நட்சத்திரத்துக்குப் பாதி மைதானம் காலியாகக் கிடைக்கும். 2001–02 பருவத்திலிருந்து, ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்புக்கு அனுமதி வந்தது. யாரையும் நெருங்கிக் காவல் காக்காத தடுப்பாளர் வளையத்தடிப் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாடுதான் இப்போது உண்டு.

இதனால் எறியத் தெரியாத ஒருவர் அணியில் இருந்தாலே முழு ஆட்டமும் படுத்துவிடுகிறது. 2015இல் மெம்ஃபிஸ் அணியிடம் 2–1 என்று பின்தங்கியிருந்த வாரியர்ஸ், நான்காவது ஆட்டத்தில் ஒரு குறும்பு செய்தது. தடுப்பாட்டத்தில் சூரரான, ஆனால் தூரத்திலிருந்து எறியத் தடுமாறும் டோனி ஆலனைக் காவல் காக்கும் பொறுப்பை, சுமார் ஏழடி உயரமுள்ள ஆண்ட்ரூ போகட்டிடம் கொடுத்தார்கள். போகட் எங்கே அவரைக் காத்தார்? ஆலனைத் திரும்பியும் பாராமல், எறிந்தால் எறியட்டும் என்று விட்டுவிட்டு, வளையத்தடியில் மெம்ஃபிஸின் உயரமான ஆட்டக்காரர்கள் இருவருக்கும் குறுக்கே போய் நின்றுகொண்டார். தாக்குபவர்கள் ஐவர் என்பது பெயரளவுக்குத்தான். தடுப்பவர்கள் நால்வரைக் கவனித்தால் போதுமானதாகிவிட்டது. மெம்ஃபிஸ் அதற்குப் பிறகு அந்தத் தொடரில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

ஜோர்டனுக்கும் தனியாட்டம் மட்டுமே கோப்பை வாங்கித் தந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புல்ஸ் பயிற்சியாளர் ஃபில் ஜாக்ஸனும் அவருடைய துணைப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரும் முக்கோண உத்தியைப் புகுத்திய பிறகே, 1991இல் முதல் கோப்பை வந்தது. அந்த உத்தியில் மனப்பாடமான முடிவு கிடையாது. தடுப்பவர் நிற்கும் நிலையைப் பார்த்து அடுத்த பாஸ் தீர்மானமாகும்.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். ‘எல்லாரும் எங்க ஆட்டத்தைக் கண்டுபிடிச்சிடறாங்கம்மா’ என்று அலுத்துக்கொள்கிறாள். பெரிய அணிகள் இதிலிருந்து எப்படி மீண்டன? எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் ஓர் ஆறுதல், அம்மா. ஆளை மாற்றாமலே மீள முடியும். மார்க் ஜாக்ஸன் பயிற்சியில் 2013–14இல் வாரியர்ஸ் 51 ஆட்டங்களை வென்றது; ஆனால் எல்லா அரங்குகளிலும் கேமராக்கள் வைத்து ஒவ்வொரு பாஸையும் எண்ணத் தொடங்கிய அந்தப் பருவத்தில், பாஸ் எண்ணிக்கையில் லீக்கிலேயே கடைசி இடம் அதற்குத்தான். மறு ஆண்டு பயிற்சியாளராக வந்தவர் வேறு யாருமல்ல, ஸ்டாக்டன் தனியாக விட்டுவந்த அதே ஸ்டீவ் கெர். ஏறத்தாழ அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, ஒரு ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று இலக்கு வைத்தார். 67 வெற்றிகளும், 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோப்பையும் கிடைத்தன.

மில்வாக்கி பக்ஸ் கதை இன்னும் எளிது. யானிஸ் அன்டெட்டகூன்போ மேலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு இடிமாதிரி இறங்குவார்; 2019இல் டொராண்டோவும் 2020இல் மயாமியும் அவர் வரும் வழியில் மூவரைச் சுவர்போல நிறுத்தி அந்த அணியை வீட்டுக்கு அனுப்பின. 2021இல் யானிஸ் பல நேரங்களில் பந்தில்லாமல் தொடங்கினார். கிறிஸ் மிடில்டனுக்கும் ஜ்ரூ ஹாலிடேக்கும் ஸ்கிரீன் வைத்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும்போது பந்தை வாங்கினார். சுவர் கட்டுவதற்கு எதிரணிக்கு நேரமில்லை. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்துக் கோப்பையைத் தூக்கினார்.

உங்கள் மகள் பார்க்க வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு: 2016 டிசம்பர் 5 அன்று இண்டியானாவுக்கு எதிராகக் கிளே தாம்ப்ஸன் 29 நிமிடங்களில் எடுத்த 60 புள்ளிகள். அத்தனை புள்ளிக்கும் அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை; பந்து அவர் கையில் இருந்த மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். மீதி நேரமெல்லாம் ஓடிக்கொண்டும் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டும் இருந்தார். பார்க்கும்போது கண்ணைப் பந்தின்மேல் வைக்காமல், பந்தில்லாத நால்வரின் கால்களில் வைக்கச் சொல்லுங்கள். கால்கள் நின்றுவிட்டால் அந்த முறை என்ன நடக்கும் என்பதை அவளே சொல்லிவிடுவாள்.

பள்ளி மைதானத்தில் செய்து பார்க்கவும் ஒன்று இருக்கிறது. பயிற்சியில் பத்து நிமிடம், பந்தைத் தரையில் தட்டவே கூடாது என்று வைத்து ஐவருக்கு ஐவர் ஆடட்டும். முதல் நாள் பிள்ளைகள் பந்தை வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழிப்பார்கள், பாதிப் பாஸ்கள் எதிராளி கைக்குப் போகும். இரண்டாவது வாரத்தில், பந்தைக் கொடுத்தவள் நிற்காமல் ஓடத் தொடங்கியிருப்பாள்.